ரெண்டு புள்ளி தொண்ணூத்தெட்டு

ஏனுங்க, அந்தக் காலேஜ் புஸ்தகத்தைச் சித்தெக் குடுங்க, பாத்துட்டுத் தந்தர்றேன். பாப்பாவைச் சேக்கறதுக்குங்களா? பி.காமா? நல்ல படிப்புத்தானுங்க. ஆனா அட்டைல தேங்காமூடி அளவுக்கு ‘ஏ பிளஸ்’னு போட்டிருக்காங்க பாருங்க, அதைப் பாத்து மயங்கிராதீங்க. அது எந்த வருசத்து ஏ பிளஸ்னு கேட்டீங்களா? கேக்கல. யாருமே கேக்கறதில்லீங்க. அஞ்சு வருசந்தான் அதுக்கு ஆயுசு. பால் பாக்கெட்டுல தேதி பாக்கறோம், காலேஜுக்குப் பாக்கறதில்ல.

நானா? நானும் ஒரு காலேஜ் வாத்தியாருதானுங்க. ராக்கியப்பன். வணிகவியல் துறை, இருபத்திரண்டு வருச சர்வீஸ். காலேஜ் பேரு வேண்டாமுங்க, நாளைக்குக் காலைல அங்கதான் போய்க் கையெழுத்துப் போடோணும். நீங்க சத்தி வரைக்குமா? நான் புளியம்பட்டி. இப்பத்தான் சரவணம்பட்டியே தாண்டியிருக்குது. வேண்டிய நேரம் இருக்குது, சொல்றேன் கேளுங்க. உங்களுக்கும் பிரயோசனப்படும்.

இந்தத் தரச்சான்று இருக்குதுங்களே, ‘நாக்’ம்பாங்க. அஞ்சு வருசமா காலேஜ்ல என்னென்ன பண்ணினோம்னு மொதல்ல நாமளே ஒரு அறிக்கை எழுதிக் குடுக்கோணும். எத்தனை வாத்தியாரு, எத்தனை பேரு டாக்டர் பட்டம், எத்தனை புஸ்தகம், எத்தனை புள்ளைக வேலைக்குப் போச்சு, கக்கூஸ் எத்தனை, மழைத்தண்ணி எங்க போகுது, அத்தனையும். ஒவ்வொண்ணுக்கும் ஆதாரம் வேணும். போட்டோ வேணும், அதுல தேதி வேணும். அப்பறம் வெளி மாநிலத்துல இருந்து மூணு பேராசிரியருக ரெண்டு நாளைக்கு வந்து பாப்பாங்க. பொண்ணு பாக்க வர்ற மாதிரித்தானுங்க. மார்க்குல பெரும்பங்கு காயிதத்துக்கு, மிச்சம் அவிய கண்ணுல படறதுக்கு. மொத்தம் நாலு மார்க்கு. மூணு புள்ளி பூஜ்யம் ஒண்ணு வந்தா ஏ. அதுக்குக் கீழ எறங்குனா பி பிளஸ் பிளஸ். நல்லாக் கேட்டுக்கோங்க, மூணு புள்ளி பூஜ்யம் ஒண்ணு.

எங்களுக்கு வந்தது ரெண்டு புள்ளி தொண்ணூத்தெட்டு.

சிரிக்காதீங்க சார். எனக்கு வயிறு எரியுது.

ஏ வந்தா என்ன, பி வந்தா என்ன, புள்ளைக படிச்சா சரின்னு நீங்க நெனைக்கலாம். நானும் ஒரு காலத்துல அப்புடித்தான் நெனைச்சேன். ஆனா அந்த எழுத்து காலேஜுக்கு மட்டுமில்லீங்க, அங்க படிச்ச ஒவ்வொரு புள்ள நெத்திலயும் ஒட்டிக்கும். அரசாங்க மானியம் அதைப் பாத்துத்தான் வருது. சில கம்பெனிக ஏ இருக்கற காலேஜுக்குத்தான் ஆள் எடுக்கவே வரும். வெளிநாடு போறதுன்னா இன்னும் மோசம். நம்மூர்ல டிகிரி மூணு வருசம், அங்க பல எடத்துல நாலு வருசம். இந்த மூணு வருசத்தை முழு டிகிரியா எடுத்துக்கோணும்னா, படிச்ச காலேஜ் ஏ வாங்கியிருக்கோணும்னு சில பல்கலைக்கழகத்துல எழுதியே வெச்சிருக்காங்க. புள்ள தொண்ணூறு மார்க்கு எடுத்தாலுஞ் சரி, காலேஜுக்கு ஏ இல்லீன்னா போய்ட்டு வான்னுருவாங்க.

என்ற புள்ளைக்கு அதுதானுங்க ஆச்சு.

சுபிக்‌ஷான்னு பேரு. ஒரே புள்ள. எங்க காலேஜ்லயே, என்ற துறைலயேதான் படிச்சா. அயர்லாந்துல மேல்படிப்புக்கு எழுதிப் போட்டா, எடமும் குடுத்துட்டாங்க. ஆனா ஒரு நிபந்தனை. உங்க காலேஜோட பழைய சான்று காலாவதியாயிருச்சு, புதுசுல ஏ வந்தா அனுப்புங்கன்னாங்க. நான் சொன்னேன், அம்மிணி, நீ எதைப் பத்தியும் ரோசனை பண்ணாத, அப்பன்தான் அந்த வேலைக்கே ஒருங்கிணைப்பாளர், ஏ வாங்கிட்டு வந்து உன்ற கைல குடுக்கறேன்னு. ஆமாங்க, பிரின்சிபால் அம்மா என்னைத்தான் போட்டிருந்தாங்க. வேற ஆளு இல்ல. ராக்கியப்பன் ஒருத்தன்தான் சொன்ன வேலையைச் செய்யறவன்.

ரெண்டு வருசம் சார். ரெண்டு வருசம் நான் பட்ட பாடு எந்த நாய்க்கும் வேண்டாம். ஏழு தலைப்பு, தலைப்புக்கு முப்பது ஃபைலு. நடந்த கூட்டத்துக்கு மினிட்ஸ் இல்ல, மினிட்ஸ் இருந்தா கூட்டம் நடக்கல. மரம் நட்ட விழாவுக்குப் போட்டோ கேட்டா, ஒரே மரத்தைச் சுத்தி அஞ்சு வருசத்துக்கும் நின்னு எடுத்திருக்காங்க. அந்த மரமும் வளரவே இல்ல. அதையெல்லாம் சரிக்கட்டி, எடம் மாத்தி, சட்டை மாத்தி எடுத்தேன். லைப்ரரில புதுப் புஸ்தகம் வாங்கிப் பூட்டி வெக்கச் சொன்னேன். புள்ளைக கைபட்டா குழு வர்றதுக்குள்ள பழசாயிருமில்லீங்களா?

என்னங்க கேட்டீங்க? பாடமா? பாடமெல்லாம் நடத்துவாங்க சார், அது பாட்டுக்கு நடக்கும், அதை விடுங்க. நான் சொல்ல வந்ததைக் கேளுங்க.

புகார்ப் பெட்டின்னு ஒண்ணு. மாணவர் குறைதீர்ப்புன்னு அதுக்குன்னே மார்க்கு இருக்குது. புள்ளைக குறை சொல்லோணும், அதை நாம தீத்திருக்கோணும், ரெண்டுக்கும் காயிதம் வேணும். அந்தக் கமிட்டிக்கும் நான்தான் தலை. எங்க காலேஜ்ல பெட்டி இருந்துச்சு, நல்ல தகரப் பெட்டி, பச்சைப் பெயிண்டு. சாவிதான் இல்ல. எங்க போச்சுன்னு யாருக்கும் தெரியல. தேடறதுக்கு நேரம்? உள்ள என்ன இருந்துரப் போகுது, ரெண்டு மிட்டாய்க் காயிதம் இருக்கும்னு விட்டுட்டேன். ஆனா குறையே இல்லீன்னு எழுதினா குழு நம்பாதுங்க. அது எப்புடி, ஆயிரத்தி எட்நூறு புள்ளைக, ஒருத்தருக்குக் கூடவா குறையில்லீம்பாங்க. அதனால நானே எழுதினேன்.

ஆமாங்க, நானேதான். வருசத்துக்குப் பத்துக் குறை, பத்துத் தீர்வு. சைக்கிள் ஸ்டாண்டுக்குக் கூரை வேணும், தீர்வு, போட்டாச்சு. அந்தக் கூரை பத்து வருசமா அங்கதான் இருக்குது. குடிதண்ணி சூடா வருது, தீர்வு, மண்பானை வெச்சாச்சு. கேண்டீன் வடைல உப்பு எச்சு, தீர்வு, கொறைச்சாச்சு. ஒவ்வொண்ணையும் வேற வேற கையெழுத்துல எழுதோணுமே? ரெண்டு மூணு எடது கைலயே எழுதினேன். ஊட்டுல ஒக்காந்து எழுதறப்ப என்ற சம்சாரம் கோகிலாமணி எட்டிப் பாத்துட்டு, என்னங்க பொட்டைப்புள்ளை மாதிரி எழுதறீங்கன்னா. காலேஜ் வேலை, சும்மா இருன்னேன். தப்புங்களா? நான் ஒண்ணும் திருடலயே. காலேஜ் நல்லதுக்கு, புள்ளைக நல்லதுக்கு, என்ற புள்ள நல்லதுக்கு.

குழு பிப்ரவரில வந்துச்சு. தலைவர் ஒடிசாக்கார அம்மா, மொகந்தின்னு பேரு. வெள்ளைத் தலை, கண்ணு மட்டும் கழுகுக் கண்ணு. இன்னொருத்தர் ராஜஸ்தான். மூணாவது ஆளு பாலக்காட்டுக்காரர், வாயே தொறக்க மாட்டாரு, தொறந்தா இங்கிலீஷ். மொத நாள் அம்சமாப் போச்சுங்க. புள்ளைகளுக்கு என்ன கேட்டா என்ன சொல்லோணும்னு நான் பத்து நாளாச் சொல்லிக் குடுத்திருந்தேன். கிளிப்புள்ளை மாதிரிச் சொல்லிருச்சுக. பெத்தவங்க கூட்டமும் பிரமாதம். சாயங்காலம் பிரின்சிபால் அம்மா என்ற கையைப் பிடிச்சுட்டு, ராக்கியப்பன் சார், ஏ நிச்சயம்னாங்க.

ரெண்டாம் நாள் காலைல, கிளம்பற நேரம். எல்லாம் முடிஞ்சுது. காபி குடிச்சுட்டு வராந்தால நடந்து வர்றாங்க. மொகந்தி அம்மா அந்தப் பச்சைப் பெட்டி முன்னால நின்னுட்டாங்க. வெரல்ல ஒரு தட்டு தட்டினாங்க. தொறங்கன்னாங்க.

வெண்ணெய் திரண்டு வர்றப்ப தாழி ஒடைஞ்ச கதை.

சாவி ஆபீஸ்ல இருக்குதும்மா, கொண்டு வரச் சொல்றேன்னு நான் இழுத்துட்டே, எங்க உதவியாளர் மாரப்பனைப் பாத்துக் கண்ணைக் காட்டினேன். போயிரு, வராதன்னு அர்த்தம். இருபது வருசமா எங்கூட இருக்கறவன். அந்த மடையன் என்ன புரிஞ்சுக்கிட்டானோ, ஓடிப் போய்க் கடப்பாரையோட வந்து நிக்கறான்! ஒரே நெம்பு. பூட்டு தெறிச்சு விழுந்துச்சு. பெருமையா என்னைப் பாத்து, தொறந்தாச்சுங்க சார்ங்கறான். நான் இன்னைக்கும் சொல்றேன், அவன் மட்டும் அன்னைக்கு லீவு போட்டிருந்தா எங்க காலேஜ் ஏ. அடுத்த நாள்ல இருந்து அவன்கூடப் பேசறதை நிறுத்திட்டேன்.

உள்ள மிட்டாய்க் காயிதம் இருந்துச்சு. ஒரு குளவிக்கூடு இருந்துச்சு. பஸ் டிக்கெட்டு. அப்பறம் ஒரு இருபது, இருபத்தஞ்சு காயிதம், மடிச்சு மடிச்சு. எல்லாம் தமிழ்ல. மொகந்தி அம்மா ஒண்ணை எடுத்து என்ற கைல குடுத்து, படிச்சு இங்கிலீஷ்ல சொல்லுங்கன்னாங்க.

மொதக் காயிதம், பொண்ணுகளுக்கு ஓய்வறைல தண்ணி வர்றதில்ல. சரின்னு சொன்னேன். அந்தம்மா சிரிச்சுட்டே குறிச்சுக்கிட்டாங்க. ரெண்டாவது, லைப்ரரில புஸ்தகத்தைத் தொட விட மாட்டேங்கறாங்க. அதையும் மெதுவாச் சொன்னேன். எல்லாக் காலேஜ்லயும் இப்புடித்தான்னு ராஜஸ்தான்காரர் தோளைக் குலுக்கினாரு. மூணாவது காயிதத்தைப் பிரிச்சேன்.

சார், எனக்கு மனப்பாடம். சொல்றேன் கேளுங்க. ‘மூன்றாம் ஆண்டு பி.காம். எங்களுக்குக் காஸ்ட் அக்கவுண்டிங் எடுக்கிற சார் இந்த செமஸ்டரில் இதுவரை நாலு வகுப்புதான் வந்திருக்கிறார். வரும்போதும் ஃபைலோடு வந்து, நீங்களே படித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு எழுதிக்கொண்டிருக்கிறார். அவர் நன்றாக நடத்துவார். சீனியர்கள் சொல்லியிருக்கிறார்கள். தயவுசெய்து அவரை வகுப்புக்கு அனுப்புங்கள்.’ அவ்வளவுதான். பேரு போடல.

அந்தப் பாடம் யாருதுன்னு சொல்லோணுங்களா? என்றதுதான்.

நான் என்ன பண்ணியிருக்கோணும்? நீங்களே சொல்லுங்க. பிரின்சிபால் பக்கத்துல நிக்கறாங்க. நான் கண்ணை மூடி, இந்த மாணவர் இன்னும் நாலு கம்ப்யூட்டர் வேணும்னு கேக்கறாருன்னு சொல்லிட்டேன். வாய்ல தானா வந்துருச்சு. ரெண்டு வருசமா அப்புடியே பழகிருச்சு போல. மொகந்தி அம்மா அதையும் எழுதிக்கிட்டாங்க. தப்பிச்சேன்னு மூச்சு விடறேன், அந்தப் பாலக்காட்டுக்காரர் கையை நீட்டறாரு. காயிதத்தை வாங்கி, சத்தமா, தமிழ்ல, ஒரு எழுத்துப் பெசகாமப் படிக்கறாரு! பாலக்காடுன்னா நமக்குப் பக்கத்து ஊடு, அந்த ஆளுக்குத் தமிழ் தெரியும்னு எனக்கு ஏன் ஒறைக்கல? ரெண்டு நாளும் இங்கிலீஷ்ல பேசி ஏமாத்திட்டாரு சார்.

அதோட விட்டாங்களா? காயிதத்தைத் திருப்பினாரு. பின்னால அச்சடிச்சிருக்குது. ‘மாணவர் குறைகள், 2021. ஒன்று, சைக்கிள் ஸ்டாண்டுக்குக் கூரை. இரண்டு, குடிதண்ணீர்.’ ஓரத்துல பென்சில்ல என்ற கையெழுத்து, ‘தேதி பிறகு போடவும். மூன்றாவதை வேறு பேனாவில் எழுதவும்.’

ஆமாங்க. நான் ஊட்டுல தப்பா அச்சடிச்சுக் கழிச்சுப் போட்ட காயிதம். அதெல்லாம் எங்க ஊட்டுல ரஃப் நோட்டுக்குத்தான் போகும், பின்பக்கம் சும்மா கெடக்குதேன்னு. அப்ப அந்தக் காயிதம் யாரு கைல இருந்து பெட்டிக்குப் போயிருக்கும்?

கையெழுத்தை அதுக்கப்பறந்தான் சரியாப் பாத்தேன். ஒண்ணாங் கிளாஸ்ல நான் கையைப் பிடிச்சு எழுதப் பழக்கின கையெழுத்து.

மொகந்தி அம்மா நோட்டை மூடினாங்க. திட்டியிருந்தாக்கூடத் தேவலை. நோட்டை மூடினாங்க. அப்பறம் ஆபீசுக்குப் போய், அஞ்சு வருசக் குறைதீர்ப்பு ஃபைலையும் கொண்டு வாங்கன்னாங்க. ஒரு தலைப்புல சந்தேகம் வந்தா மத்த ஆறுக்கும் பரவுமில்லீங்களா? மார்ச்சுல முடிவு வந்துச்சு. ரெண்டு புள்ளி தொண்ணூத்தெட்டு. பூஜ்யம் புள்ளி பூஜ்யம் மூணு சார்! ஒரு காயிதம்! அந்தக் காயிதத்துக்கு இந்த மார்க்குன்னு எனக்கு நல்லாவே தெரியும்.

அயர்லாந்துக்காரங்க வருத்தத்தோட தெரிவிச்சுக்கறோம்னு எழுதிட்டாங்க. நான் விடல. ஜூலைக் கடைசி வரைக்கும் பொறுங்க, மேல்முறையீடு பண்றோம்னு அவளை எழுத வெச்சேன். சரின்னுட்டாங்க. அவ இப்பக் கோயமுத்தூர்ல ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல இருக்கா, ஹாஸ்டல்ல தங்கிட்டு. என்ற போனை எடுக்கறதில்ல. அவங்கம்மாகூட மட்டும் பேசறா. தப்பு யாரு மேல? இவ எழுதிப் போடலீன்னா இந்நேரம் விசாவுக்கு நின்னுட்டிருப்பா. தன் தலைல தானே மண்ணை வாரிப் போட்டுக்கிட்டுக் கோவம் என்ற மேல! ஒரே ஊட்டுல, ஒரே குண்டாச் சோத்தைத் திங்கறோம். அப்பா, நீங்க கிளாசுக்கு வர்றதில்லீன்னு ஒரு வார்த்தை மூஞ்சிக்கு நேராச் சொல்றதுக்கு என்ன கேடு?

அன்னூர் வந்துருச்சு. சித்தெ நகந்துக்கோங்க, அந்தம்மா கூடையை வெக்கட்டும்.

இன்னைக்கு எதுக்குக் கோயமுத்தூர் போனேன்னு கேளுங்க. இந்தா பாருங்க, பையிலயே இருக்குது. பிரின்சிபால் அம்மா டைப் அடிச்சுக் குடுத்தாங்க. ‘அந்தக் கடிதத்தை நான் தோழிகளுடன் விளையாட்டாக எழுதிப் போட்டேன். அதில் உள்ளது உண்மையல்ல. வகுப்புகள் ஒழுங்காக நடைபெற்றன.’ கீழ அவ கையெழுத்துப் போட்டாப் போதும். மேல்முறையீட்டோட சேத்து அனுப்பிரலாம். ஏ கெடைக்கும், அயர்லாந்தும் கெடைக்கும். அவளுக்கு நல்லதுதானுங்களே?

சாப்பாட்டு நேரத்துல ஆபீஸ் வாசல்ல போய் நின்னேன். வந்தா. மெலிஞ்சு போயிட்டா சார். ஒக்கார வெச்சு, காயிதத்தைக் குடுத்து, பேனாவையும் தொறந்து குடுத்தேன். நிதானமாப் படிச்சா. ரெண்டு தடவை படிச்சா.

‘இதுல போட்டா நான் அயர்லாந்து போயிரலாமாப்பா?’ன்னா.

போயிரலாம் அம்மிணின்னேன்.

‘எனக்குத் தங்கச்சிக மாதிரி இன்னும் நானூறு புள்ளைக அடுத்த வருசம் பி.காம் சேரும். அதுக காஸ்ட் அக்கவுண்டிங் யாரு எடுப்பா?’ன்னா.

அதெல்லாம் கெஸ்ட் லெக்சரர் போட்டுக்கலாம், மொதல்ல நீ கையெழுத்தைப் போடுன்னேன். பேனாவை மூடி என்ற சட்டைப் பையில வெச்சுட்டா. எனக்கும் ஆத்திரம் வந்துருச்சு. அப்பத்தான் கேட்டேன், உங்ககிட்டச் சொன்ன அதே கேள்வி. அப்பன்கிட்டச் சொல்ல முடியாததைப் பெட்டில எதுக்கு அம்மிணி போட்டேன்னு.

‘சொன்னேன்ப்பா’ன்னா. ‘ஜூலைல ரெண்டு தடவை சொன்னேன். குழு வந்துட்டுப் போகட்டும்னீங்க. அம்மாவை விட்டுச் சொல்லச் சொன்னேன். அதுக்கும் அதேதான் சொன்னீங்க. அந்தப் பெட்டி மேல ஒட்டியிருந்துச்சு, ஒவ்வொரு வெள்ளிக்கெழமையும் முனைவர் ராக்கியப்பன் திறந்து படிப்பார்னு. ஊட்டுல அப்பா கேக்கல, காலேஜ்ல சாராவது படிப்பாருன்னு போட்டேன். உங்களுக்குத்தான்ப்பா போட்டேன். வேற யாருக்கும் போடல.’

நான் காயிதத்தை மடிச்சுப் பைக்குள்ள வெச்சேன்.

‘அப்பறம் ஒவ்வொரு வெள்ளிக்கெழமை சாயங்காலமும் நீங்க ஊட்டுக்கு வர்றப்ப உங்க மொகத்தைப் பாப்பேன், இன்னைக்குப் படிச்சிருப்பீங்களான்னு’ன்னா. சொல்லிட்டு டிபன் பாக்சை எடுத்துக்கிட்டு உள்ள போயிட்டா.

அழுகலீங்க, தூசி. இந்த ரோட்டை எப்பப் பாத்தாலும் நோண்டிட்டே இருக்காங்க.

அவ போட்டது ஆகஸ்ட் ஏழு. தேதி எழுதியிருந்தா. குழு வந்தது பிப்ரவரி. காந்திபுரத்துல பஸ் ஏறுனதுல இருந்து வெரல் விட்டு எண்ணிட்டே வர்றேன், இருபத்தேழு வெள்ளிக்கெழமை வருதுங்க. அதுக்கு ஒரு பதிவேடு இருக்குது சார், என்ற மேசைலயே. வாராவாரம் நான் எழுதினதுதான், ஒரு வாரம் தவறாம. இருபத்தேழு வாரமும் ஒரே வரி. ‘பெட்டி திறக்கப்பட்டது. புகார் ஏதும் இல்லை.’ கீழ என்ற கையெழுத்து.